நடுத்தண்ணீர்

துல்சா
ஜூலை 14, 1986

கோய்,

போன் பண்ணாதே என்று லவோன் உன்னிடம் சொன்னது நான் சொல்லச் சொன்னதுதான். என் அக்கா மேல் கோபப்படாதே. உன் குரலும் ஆர்லிஸ் குரலும் ஒன்று. அன்றைக்கு நீ "நெல்டா" என்று கூப்பிட்டதும் ஒரு கணம் எல்லாம் மறந்து "எங்கே இருக்கே?" என்று கேட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? அதற்கப்புறம் சமையலறைத் தரையிலிருந்து என்னை எழுப்ப லவோனும் அவள் புருஷனும் சேர்ந்து வரவேண்டியிருந்தது. வயிற்றில் ஆறு மாதம். இன்னொரு தடவை என்னால் முடியாது. சொல்ல வேண்டியதை எழுது.

இப்போது நான் எழுதுவது வேறு விஷயத்துக்கு. படகுத்துறைக் கடை ஓபல் நம் ஊர் பத்திரிகையை அனுப்பியிருந்தாள். பின்பக்கத்தில் நீ. கையில் மீன். வாயெல்லாம் பல். "கொதிக்கும் கோடையிலும் கெட்டில் ஓடை வாயில் பாஸ் மீன்கள்! வழிகாட்டி கோய் ஹாட்லியின் கைவண்ணம்" என்று கொட்டை எழுத்து.

கெட்டில் ஓடை ஏரியில் கலக்கிற அதே வாய். நீங்கள் இரண்டு பேரும் போன படகு கவிழ்ந்த இடம். இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. என் புருஷன் ஆர்லிஸ், உன் கூடப் பிறந்த தம்பி, அந்தத் தண்ணீருக்கு அடியில் எங்கேயோ கிடக்கிறான். அவன் தலைக்கு மேலே நீ தூண்டில் போட்டு மீன் பிடித்து, பத்திரிகைக்காரனுக்குப் பல்லைக் காட்டுகிறாய்.

இந்த ஏரியில் வேறு இடமே இல்லையா உனக்கு?

நெல்டா


ஷைலோ படகுத்துறை
ஜூலை 19

நெல்டா,

நான் சிரிக்கவில்லை. வெயில் கண்ணில் அடித்தது. கண்ணைச் சுருக்கினால் என் முகம் அப்படித்தான் போகும். உனக்கே தெரியும், உங்கள் கல்யாணப் போட்டோவிலும் நான் அப்படித்தான் நிற்பேன்.

நீ கேட்டது நியாயம். எழுதுகிறேன், ஆனால் எனக்கு எழுத வராது. பொறுத்துக்கொள்.

ஷெரிஃபின் போலீஸ் ஆட்கள் அவனைத் தேடி ஏரிக்கு அடியில் கொக்கி போட்டு இழுத்தது உனக்குத் தெரியும். நீ கரையில் நின்று பார்த்தாய். அணை கட்டினபோது வெட்டாமல் விட்ட காடு கீழே அப்படியே நிற்கிறது. கொக்கியெல்லாம் மரத்தில் மாட்டியது. லிட்டில் ராக் நகரத்திலிருந்து வந்த முக்குளிப்பவன் ஒரு தடவை இறங்கிவிட்டு ஏறினவன், மறுபடி இறங்க மாட்டேன் என்றான். "மேல முப்பது அடி குளிக்கிற தண்ணி. அதுக்குக் கீழ ஐஸ் பெட்டி. கோடு போட்ட மாதிரி மாறுது. அந்தக் குளிர்ல கிடக்கிறது தானா மேல வராது" என்றான். நீ துல்சாவுக்குக் கிளம்பின மறுநாள் அவர்கள் சாமான்களைக் கட்டிவிட்டார்கள். துணை ஷெரிஃப் குவின்ட் என் தோளைத் தட்டி, "குளிர் வந்தா ஏரி புரளும். மேல் தண்ணி கீழ போகும், கீழ் தண்ணி மேல வரும். அதுவரைக்கும் வீட்டுக்குப் போ, கோய்" என்றான்.

வீட்டில் போய் என்ன செய்ய?

படகில் அந்த ஆழம் பார்க்கிற பெட்டி இருக்கிறதே, ஊசி காகிதத்தில் கோடு கிழிக்குமே, அதைப் போட்டுக்கொண்டு ஓடை வாயில் மேலும் கீழும் போய்க்கொண்டிருக்கிறேன். மரம் தெரிகிறது. பாறை தெரிகிறது. மரமும் இல்லாமல் பாறையும் இல்லாமல் ஏதாவது தெரிகிறதா என்று பார்க்கிறேன். அவ்வளவுதான் என் வேலை.

முதலில் வெறும் பெட்டியோடுதான் போனேன். போகிற வருகிற படகெல்லாம் பக்கத்தில் வந்து நின்றது. ஒருத்தன் ஜெபம் பண்ணினான். ஒருத்தி கோழிக்கறிப் பாத்திரத்தை நீட்டினாள். பாதிரியார் பிரதர் டால் ஒரு நாள் என் படகைத் தன் படகோடு கட்டி இழுத்துக்கொண்டே கரைக்கு வந்துவிட்டார். மறுநாள் இரண்டு தூண்டிலை எடுத்துப் போட்டுக்கொண்டு போனேன். ஒருத்தன்கூடக் கிட்டே வரவில்லை. கையில் தூண்டில் இருந்தால் இந்த ஏரியில் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை.

அந்த மீன் தானாக வந்தது. தூண்டில் கோல் படகு ஓரத்தில் கிடந்தது, நுனியில் வெள்ளி மாதிரி மின்னுகிற தகடு பாதி ஆழத்தில் தொங்கிக்கொண்டிருந்தது, நான் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோல் தண்ணீருக்குள் போகப் பார்த்தது. பிடித்தேன். துறையில் அந்தப் பத்திரிகைப் பையன் நின்றுகொண்டிருந்தான். அதுதான் நடந்தது.

சாப்பிடுகிறாயா?

கோய்


துல்சா
ஜூலை 26

கோய்,

சாப்பிடுகிறேன். நான் சாப்பிடாவிட்டால் உள்ளே இருப்பது உதைக்கிறது. ஹாட்லி வீட்டுப் பிள்ளைதானே.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். உன் மேல் இருந்த கோபம் கொஞ்சம் குறைந்தது. பயம் வந்திருக்கிறது. கோபமே தேவலை.

பிரதர் டால் எழுதியிருந்தார். உடம்பு கிடைக்காவிட்டாலும் சர்ச்சில் ஒரு ஆராதனை வைத்து, பெயர் சொல்லி, பாட்டுப் பாடி அனுப்பி வைக்கலாம் என்கிறார். ஆகஸ்ட் கடைசி ஞாயிறு. நீ வர மாட்டேன் என்று சொன்னதாகவும் எழுதியிருக்கிறார். ஏன்?

இன்னொன்று. கரையில் அன்றைக்கு எல்லோரும் உன்னைச் சுற்றி நின்றார்கள், நான் கேட்க முடியவில்லை. கடைசியாக அவன் என்ன பேசிக்கொண்டிருந்தான்? பெரிதாக ஏதாவது இருக்க வேண்டுமென்று இல்லை. என்னவாக இருந்தாலும் சரி. மாற்றாமல் எழுது.

நெல்டா


ஷைலோ படகுத்துறை
ஆகஸ்ட் 3

நெல்டா,

மாற்றாமல் எழுதுகிறேன். மீனைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தான். என்னைத் திட்டிக்கொண்டிருந்தான்.

காலையிலிருந்து ஒன்றும் கடிக்கவில்லை. நான் கரையோர நிழலிலேயே போட்டுக்கொண்டிருந்தேன், எங்கள் அப்பா போட்ட மாதிரி. ஆர்லிஸ் வாயை மூடவே இல்லை. "இந்த வெயில்ல பாஸ் கரையில எதுக்கு இருக்கும்? உன்னைப் பாக்கவா? நடு ஏரிக்குப் போ. ஆழத்துக்கு மேல, பாதித் தண்ணில, சும்மா தொங்கிட்டு நிக்குதுங்க எல்லாம்" என்றான். "அடியும் இல்லாம கரையும் இல்லாம அந்தரத்துல நிக்க அது என்ன தேவதூதனா?" என்றேன் நான். "நீ கிழவன் ஆயிட்டே கோய். நாற்பது வயசுக்குள்ள கிழவன் ஆன ஒரே ஹாட்லி நீதான்" என்றான். சிரித்தான். நானும் சிரித்தேன். சரி தொலைகிறது என்று ஓடை வாய்க்குப் படகை விட்டேன்.

மலைக்குப் பின்னாலிருந்து மேகம் வந்தது எங்களுக்குத் தெரியவில்லை. கோடை இடிமழை எப்படி வரும் என்று உனக்குத் தெரியும். காற்று முதலில் வந்தது. அலை பின்னால் ஏறி மோட்டாரை அமுக்கியது. மிதவைச் சட்டையை அவன் எப்போதும் போல மடித்து அதன் மேல் உட்கார்ந்திருந்தான், படகு சாய்ந்ததும் அது பறந்துவிட்டது. நான் மிதந்த எண்ணெய்த் தகர டப்பாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவன் கவிழ்ந்த படகைப் பிடித்திருந்தான். "கோய், தகரத்தை விட்டுடாதே" என்று கத்தினான். அதுதான் கடைசி. அடுத்த அலைக்கு அப்புறம் படகு மட்டும் இருந்தது.

இதைத்தான் நீ கேட்டாய். எழுதிவிட்டேன்.

அவன் சொன்னது சரி, நெல்டா. பெட்டியில் தினமும் பார்க்கிறேன். மரத்தின் உச்சிக்கு மேலே, சுடுதண்ணீரும் குளிர்தண்ணீரும் சந்திக்கிற கோட்டுக்கு ஒட்டினாற்போல, பாஸ் மீன்கள் காகிதத்தில் வளைவு வளைவாக நிற்கின்றன. நூற்றுக்கணக்கில். மேலே வந்தால் சூடு. கீழே போனால் மூச்சு விடக் காற்று இல்லாத தண்ணீர். போக இடம் இல்லாமல் நிற்கின்றன. பக்கத்தில் பொடிமீன் கூட்டம் மேகம் மாதிரி நகர்ந்தாலும் வாயைத் திறப்பதில்லை. எத்தனையோ வருஷமாக நாங்கள் அவற்றின் நடுவே ஈயம் கட்டின தூண்டிலைக் கல்லு மாதிரி இறக்கி அடிவரைக்கும் விட்டுக்கொண்டிருந்தோம். கீழே போனதை அவை திரும்பிக்கூடப் பார்க்காது. கண் மேல்பக்கம் இருக்கிறது. மேலே இருப்பதைத்தான் பார்க்கும்.

ஓபலிடம் நகப் பூச்சு வாங்கித் தூண்டில் நரம்பில் ஒரு இடத்தில் சிவப்பாக அடையாளம் வைத்திருக்கிறேன். அந்த அடையாளம் கோல் நுனிக்கு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். மீனுக்கு ஒரு கை உயரத்துக்கு மேலே தகடு நிற்கும். அப்புறம் ஒன்றும் செய்யக் கூடாது. அதுதான் கஷ்டம். படகு அசைகிற அசைவே போதும். சும்மா இருக்க முடியாதவனுக்கு ஒரு மீனும் வராது. ஒன்று கடித்துவிட்டால் மற்றதெல்லாம் விழித்துக்கொள்ளும், பின்னாலேயே ஏறி வரும்.

துறையில் எல்லோரும் எப்படிப் பிடிக்கிறாய் என்று கேட்கிறார்கள். ஆர்லிஸிடம் கேளுங்கள் என்று வாய் வரைக்கும் வந்துவிடுகிறது.

ஆராதனைக்கு நான் வர மாட்டேன். பாட்டுப் பாடி அனுப்பிவிட்டால் அப்புறம் தேட வேண்டாம் என்று ஆகிவிடும். நான் இன்னும் தேடி முடிக்கவில்லை.

கோய்


துல்சா
ஆகஸ்ட் 15

கோய் ஹாட்லி,

ஓபல் போன் பண்ணினாள். அவள் அழுது இதுவரை நான் கேட்டதில்லை.

நங்கூரக் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு, சிமெண்ட் கட்டியைக் கட்டிப்பிடித்து, படகிலிருந்து இறங்கினாயாமே. காகிதத்தில் ஏதோ நீளமாகத் தெரிந்ததாம். பக்கத்தில் கெளுத்தி மீனுக்குத் தூண்டில் கயிறு போட்டுக்கொண்டிருந்த யாரோ மிசூரி மாநிலத்துக்காரர்கள் உன் படகு ஆளில்லாமல் ஆடுவதைப் பார்த்து வந்து, கயிற்றைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால்? மூக்கிலும் காதிலும் ரத்தத்தோடு கிடந்தாயாம். அது என்ன தெரியுமா, நீ பார்த்த நீளம்? மரக்கட்டை. ஓபல் சொன்னாள். ஏறினதும் நீயே சொன்னாயாம்.

உன் தம்பி கடைசியாக உன்னிடம் என்ன சொன்னான் என்று நீதானே எழுதினாய்? தகரத்தை விட்டுவிடாதே என்றான். அந்த அலையில், அந்த இருட்டு மழையில், அவனுக்கு உன்னைப் பற்றித்தான் கவலை. நீ அதைக் கேட்டாயா, காதில் வாங்கினாயா? இல்லை, மீனைப் பற்றி அவன் சொன்னது மட்டும்தான் உனக்கு உறைத்ததா?

எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. அப்பா இல்லை. இந்தப் பிள்ளைக்கு ஹாட்லி வழியில் மிச்சம் இருப்பது நீ ஒருத்தன். அவனை அந்த ஏரி எடுத்துக்கொண்டது. உன்னை நீயே கொண்டுபோய்க் கொடுக்கிறாய்.

எழுதிப் பிரயோஜனம் இல்லை. இருபத்தி மூன்றாம் தேதி பேருந்தில் வருகிறேன். டாக்டர் வேண்டாம் என்கிறார், லவோன் கத்துகிறாள். வருகிறேன். படகை எடுத்து வை. நானும் பார்க்க வேண்டும்.

நெல்டா


ஷைலோ படகுத்துறை
ஆகஸ்ட் 18

நெல்டா,

வராதே. எட்டாவது மாதம். வெயில் தாங்காது. படகில் நிழல் கிடையாது.

வந்தால் தொப்பி கொண்டு வா. உனக்கு முதுகு சாய ஓபல் கடையிலிருந்து நாற்காலி வாங்கிப் போடுகிறேன்.

கோய்


துல்சா
செப்டம்பர் 4

கோய்,

வந்து சேர்ந்தேன். கால் தூண் மாதிரி வீங்கிவிட்டது, அது தவிர நன்றாக இருக்கிறேன். லவோன் இன்னும் என்னோடு பேசவில்லை.

படகில் நாம் இரண்டு பேரும் அதிகம் பேசவில்லை. உன் குரலுக்குப் பயந்து நீ வாயைத் திறக்கவே யோசித்தது எனக்குத் தெரிந்தது. "தண்ணி குடி" என்று கிசுகிசுத்தாய், சர்ச்சில் பேசுகிற மாதிரி. அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

அந்தக் காகிதத்தைப் பார்க்கிறவரை நான் கீழே ஒரு வெறும் இருட்டு இருக்கிறது என்று நினைத்திருந்தேன். ராத்திரி கண்ணை மூடினால் அதுதான் வரும். நீ விரலை வைத்துக் காட்டினாய்: இது மரம், இது பழைய ஓடை, இது யாரோ கட்டின வேலிச் சுவர், இதெல்லாம் மீன். கீழே ஒரு ஊர் மாதிரி இருந்தது. எனக்கு அது நல்லதா கெட்டதா என்று இன்னும் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அன்று ராத்திரி ஓபல் வீட்டில் தூங்கினேன்.

நான் கோலைக் கேட்டபோது நீ தர மாட்டேன் என்று நினைத்தேன். தந்தாய். சிவப்புக் குறி வரும்வரை விட்டேன். நிறுத்தினேன். எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம்? ஒன்றும் செய்யாமல் இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று நீ எழுதினது புரிந்தது. நான் அழ ஆரம்பித்தேன், அப்போதுதான் அது கடித்தது. அழுதுகொண்டே சுற்றினேன். நீ வலையைப் போடுவதை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய், மூதேவி.

அந்த மீனைத் திரும்பத் தண்ணீரில் விட்டபோது கீழே போகாமல் பக்கவாட்டில் மிதந்ததே. வயிறு ஊதி, ஒரு கண் வானத்தைப் பார்த்து. ஆழத்திலிருந்து வேகமாக இழுத்தால் அப்படித்தான் ஆகும், காற்று அடைத்துக்கொள்ளும் என்றாய். தண்ணீரில் கையை விட்டு அதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே இருந்தாய். வாலை ஆட்டித் தானாகப் போகிறவரைக்கும் விடவில்லை. உன் முகத்தை நான் பார்த்தேன், கோய். ஒரு மீனைப் பார்க்கிற முகம் இல்லை அது.

அதனால்தான் மறுநாள் ஆராதனைக்கு வா என்று நான் உன்னை வற்புறுத்தவில்லை. பாட்டு முடிகிறபோது திரும்பிப் பார்த்தேன். கதவுக்கு வெளியே, படியில், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாய். உள்ளே வரவில்லை. வந்ததாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இனி தினமும் போகாதே. ஓபலின் கூரை ஒழுகுகிறது, கண்ணால் பார்த்தேன். அந்த அம்மாளுக்கு ஏதாவது செய்.

நெல்டா


ஷைலோ படகுத்துறை
அக்டோபர் 12

நெல்டா,

லவோன் ஓபலுக்குச் சொல்லி, ஓபல் துறை முழுக்கச் சொல்லி, கடைசியில்தான் எனக்குத் தெரிந்தது. பெண் குழந்தை. ஏழு பவுண்டு. பெயர் ரூத் ஆன் என்றார்கள். நல்ல பெயர். அவன் இருந்திருந்தால் நாய்க்கு வைக்கிற பெயர் ஏதாவது சொல்லிச் சண்டை போட்டிருப்பான்.

நீ சொன்னபடி தினமும் போவதில்லை. முதல் வாரம் கஷ்டமாக இருந்தது. விடிந்ததும் கால் தானாகத் துறைக்குப் போனது. ஓபல் சுத்தியலைக் கையில் கொடுத்து ஏணியைக் காட்டினாள். "உனக்குத் தண்ணிதான் வேணும்னா என் வீட்டுக்குள்ள மழை பெய்யுது, வா" என்றாள்.

தண்ணீர் ஆறிக்கொண்டிருக்கிறது. காலையில் ஏரி மேல் பனிப்புகை. மீன்கள் அந்தக் கோட்டை விட்டுக் கலைந்து கரைப் பக்கம் வர ஆரம்பித்துவிட்டன. பெட்டியில் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. போன வாரம் ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்தேன். சொல்லாமல் இருக்கக் கூடாது என்று எழுதுகிறேன்.

குழந்தை அழுகிறதா, தூங்குகிறதா?

கோய்


ஷைலோ படகுத்துறை
நவம்பர் 16

நெல்டா,

ஓபல் உனக்குப் போன் பண்ணினபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். போனை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கவில்லை. அந்த நேரத்தில் இந்தக் குரலில் அந்தச் செய்தி உனக்கு வரக் கூடாது என்று நினைத்தேன். கோழைத்தனம் என்றும் சொல்லலாம்.

நீ முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

போன வாரம் மூன்று நாள் வடக்குக் காற்று விடாமல் அடித்தது. ஏரி புரண்டது. தண்ணீர் பழுப்பாகி ஒரு அழுகின முட்டை நாற்றம், அப்புறம் தெளிந்தது. வியாழக்கிழமை காலையில் வாத்து சுடப் போன இரண்டு பேர், அணைக்குப் பக்கத்தில், ஓடை வாயிலிருந்து வெகுதூரத்தில், நாணலில் அவனைப் பார்த்திருக்கிறார்கள். நான் கோடை முழுக்கக் காகிதத்தில் தேடின இடமே இல்லை. எப்போது நகர்ந்தான், எப்படி நகர்ந்தான், யாருக்கும் தெரியாது.

அப்போது நான் ஓபலின் கூரையில் இருந்தேன். கடைசித் தகட்டை அடித்துக்கொண்டிருந்தேன். குவின்டின் வண்டி வந்து நின்றது. அவன் இறங்கித் தொப்பியைக் கழற்றினான். "யாராவது ஒருத்தர் வந்து பார்க்கணும் கோய். நெல்டாவைக் கூப்பிடட்டுமா?" என்று கேட்டான். "வேண்டாம், நான் வரேன்" என்றேன்.

போனேன். பார்த்தேன். அது ஆர்லிஸ்தான். இடுப்பு வார் அவனுடையது, உடைந்து கட்டின பல்லும் அவனுடையது. சந்தேகம் இல்லை. சவப்பெட்டியை மூடிவிடச் சொல்லிவிட்டேன். நீ வருகிறபோது அது மூடியிருக்கும். திறக்கச் சொல்லாதே.

எப்படி இருந்தான் என்று என்னைக் கேட்காதே, நெல்டா. நீ கேட்டால் நான் சொல்லிவிடுவேன், உன்னிடம் மாற்றிப் பேச எனக்கு வராது. அதனால்தான் கேட்காதே என்கிறேன்.

அடக்கம் அடுத்த சனிக்கிழமை என்று பிரதர் டால் சொல்கிறார். அப்பா கல்லறைக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. குழியை நான் வெட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நிலம் பாறை. ஆனால் நேரம் இருக்கிறது.

கோய்


துல்சா
நவம்பர் 18

கோய்,

கேட்க மாட்டேன். இப்போதும் இல்லை, பின்னாலும் இல்லை. அதை நீ ஒருத்தனாகத் தூக்கிக்கொண்டு நடக்கப் போகிறாய் என்பது எனக்குத் தெரியும். என்றைக்காவது தாங்காமல் போனால் அப்போது நீயாகச் சொல், நான் காதை மூடிக்கொள்ள மாட்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம் வருகிறோம், லவோன் வண்டியில். குழியைத் தனியாக வெட்டாதே, அன்றைக்கு உன்னை இழுத்தெடுத்த மிசூரிக்காரர்களையாவது துணைக்குக் கூப்பிடு.

சனிக்கிழமை படியில் நிற்கிற வேலையெல்லாம் வேண்டாம். உள்ளே வா. முதல் வரிசையில், என் பக்கத்தில் உட்கார். ரூத் ஆனை நீதான் வைத்துக்கொள்ள வேண்டும். அவளுக்குப் புது ஆள் பிடிக்காது, வீறிட்டு அழுவாள், ஊரே திரும்பிப் பார்க்கும். பார்க்கட்டும். லவோனிடம் கொடுத்துவிடாதே. பேசு அவளிடம், அந்தக் குரலில் எதையாவது பேசிக்கொண்டே இரு, அடங்கிவிடுவாள்.

அன்றைக்கு அவனை வழியனுப்ப எனக்கு இரண்டு கையும் வேண்டும்.

நெல்டா